பொட்டில்லாமல் மூன்று படம்

இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. நாளை மதியம் பன்னிரண்டு மணிக்குள் மூன்று படங்கள் போய்ச் சேர வேண்டும். நேராக ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மேக்கப் கூடாது, நகை கூடாது, பொட்டு கூடாது. முடியை இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். ஸ்ரீரஞ்சனி முதலில் செல்போனில் எடுத்துத்தான் அனுப்பினாள். சினிமாவுக்கு நடிகர்களைத் தேர்வு செய்யும் பெண் உடனே பதில் போட்டுவிட்டாள். 'கண்ணே தெரியல. ஸ்டுடியோல எடுத்து அனுப்புங்க. இல்லன்னா வேற ஆளைப் பாக்கறோம்.'

ஏழு மாதமாகச் சனிக்கிழமைகளில் ஜெர்மன் வகுப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டு ரஞ்சனி போனது ஒரு நாடகக் குழுவின் ஒத்திகைக்கு. அங்கே அவள் நடித்ததைப் பார்த்துத்தான் அந்தப் பெண் நம்பர் கேட்டு வாங்கினாள். கதாநாயகியின் தங்கை வேடம். சின்னதுதான், ஆனால் படம் முழுக்க வரும் என்றாள். இதில் எதுவும் அம்மா ஜலஜாவுக்குத் தெரியாது.

அம்மாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். வரன் பார்க்க மகளுக்கு நல்லதாக ஒரு போட்டோ வேண்டும். அதற்காக மந்தைவெளியில் ஷரீஃபின் ஸ்டுடியோவில் சொல்லி வைத்திருந்தாள். முகூர்த்த மாதம். இன்றைக்கு விட்டால் ஷரீஃப் அடுத்த வாரம்தான் கிடைப்பார். அடையாறில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ரஞ்சனிக்கும் அரைநாள்தான் லீவு. போன இடத்திலேயே அந்த மூன்றையும் எடுத்துக்கொண்டுவிடலாம் என்று கணக்குப் போட்டு, சாம்பல் நிறக் குர்தி ஒன்றைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு வந்திருந்தாள். அம்மாவும் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள் என்பது அந்தக் கணக்கில் விட்டுப்போயிருந்தது.

"தலைய கொஞ்சம் சாச்சிக்கோ பாப்பா. பூச்சாடியப் பாரு. லைட்டா சிரி," என்றார் ஷரீஃப்.

மந்தைவெளிப் பெண்களில் பாதிப்பேர் அந்தப் பூச்சாடியைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் புக்ககம் போயிருக்கிறார்கள்.

"பல்லு தெரியாம சிரிடி," என்றாள் ஜலஜா.

"பல்லு நல்லாத்தான கீது மாமி."

"நன்னாத்தான் இருக்கு. அதுக்காக எடுத்த எடுப்புலயே காட்டணுமா?"

பட்டுப்புடவையில் நின்று ஐந்து, உட்கார்ந்து நான்கு. அது முடிந்ததும் ரஞ்சனி கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, இன்னும் மூணு எடுத்துக்கறேன். சாதாரணமா."

"எதுக்கு?"

"அமெரிக்கால இருக்கறவாள்லாம் இப்போ நாச்சுரலா இருக்கறதைத்தான் கேக்கறாளாம்."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். அம்பி மாமா பேசி வைத்திருக்கும் பையன் அமெரிக்காவில்தான் இருந்தான். ஜலஜா சற்று யோசித்துவிட்டு, "சீக்கிரம் ஆகட்டும்," என்றாள்.

திரைக்குப் பின்னால் போய் உடை மாற்றிக்கொண்டு, தோட்டைக் கழற்றி, முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். அம்மா முகம் சுளித்தாள். கண்ணாடி முன் நின்று ரஞ்சனி நெற்றிப் பொட்டை உரித்தபோதுதான் நாற்காலி தரையில் கிறீச்சிட்டது.

"என்னடி பண்றே நீ?"

"ரெண்டு நிமிஷம்மா."

"ரெண்டு நிமிஷமாவது. வரன் பாக்கற போட்டோல வெறும் நெத்தியா? பாக்கறவா என்னன்னு நினைச்சுப்பா? வை அதை."

அம்மாவே அதைப் பிடுங்கி மகளின் நெற்றியில் அழுத்தினாள். விரல் பட்ட இடம் வலித்தது. விளக்கை நகர்த்திக்கொண்டிருந்த ஷரீஃப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, விசா போட்டோவா? மொதல்லயே சொல்றதில்ல?"

அவர் தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று ரஞ்சனிக்குப் புரியவில்லை. "ஆமா," என்றாள்.

ஜலஜாவின் முகம் அப்படியே மலர்ந்தது. "விசாவா? ஏண்டி, வாயைத் திறந்து சொல்லப்படாதா?" நகத்தால் மெல்ல நெம்பி, வலிக்காமல், அந்தப் பொட்டை அவளே எடுத்தாள். முந்தானையால் நெற்றியையும் துடைத்துவிட்டாள்.

அந்தத் துடைப்பைத்தான் ரஞ்சனியால் தாங்க முடியவில்லை.

இரண்டு பக்கமும் சரியாக வந்தன. நேர்ப்படம்தான் எத்தனை எடுத்தும் வரவில்லை. எடுத்ததையெல்லாம் ஷரீஃப் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். ரஞ்சனி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முகம் கேமராவைப் பார்த்து இருந்தது. கண்கள் மட்டும் ஓரத்தில், அம்மாவின் நாற்காலி இருக்கும் பக்கம், ஒதுங்கியிருந்தன. ஒன்றில்கூட மாற்றமில்லை. எதையோ திருடி மடியில் வைத்துக்கொண்டு நிற்பவளைப் போல இருந்தாள். இதை அனுப்பினால் வேறு ஆளைத்தான் பார்ப்பார்கள்.

"அம்மா, நீ சித்த வெளில உக்காரேன்."

"விசாக்காரன் நான் உக்காந்திருக்கறதைப் பாப்பானா?" என்று சொல்லிக்கொண்டே ஜலஜா திரையைத் தாண்டிப் போனாள். ஆனால் போய்விடவில்லை. திரைக்குக் கீழே அவளுடைய பாதங்கள் தெரிந்தன. மெட்டி தெரிந்தது. ரஞ்சனியின் கண் அங்கே இறங்கியது.

"பாப்பா, இங்க. என்னியப் பாரு," என்றார் ஷரீஃப். "உன் கண்ணு எங்கியோ போய்க்கினு கீது."

"பாக்கறேன்."

"பாக்கல."

மாடிப்படியில் பேச்சும் சிரிப்புமாகக் கூட்டம் ஏறி வந்தது. அடுத்து எழுதி வைத்திருந்த கல்யாண கோஷ்டி. யாரோ ஒருவர் பூட்டியிருந்த கதவைத் தட்டினார். ஷரீஃப் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவங்க வந்துட்டாங்க. இன்னும் ஒண்ணு எடுக்கறேன். அதுக்கு மேல முடியாது."

ரஞ்சனி தோளைத் தளர்த்திக்கொண்டாள். ஒத்திகையில் சொல்லிக் கொடுத்தபடி மூச்சை மெதுவாக விட்டாள். லென்ஸின் கறுப்பு வட்டத்தில் பார்வையை நிறுத்தினாள். நின்றது. அப்போது திரைக்கு அந்தப் பக்கம் அம்மா போனில் பேசுவது கேட்டது.

"அம்பி, நான்தான். கேளு, இவ விசாவுக்கே போட்டோ எடுத்துண்டிருக்கா. ஆமாம்டா, தானாவே. எனக்கே இப்பத்தான் தெரியும். இதுக்கு மேல அவளை என்ன கேக்கறது? பையனாத்துல சொல்லிடு, பொண்ணுக்குப் பூர்ண சம்மதம்னு. வெள்ளிக்கிழமையே வரச் சொல்லு. தட்டு மாத்திண்டுடலாம்."

கதவை மறுபடி தட்டினார்கள்.

"ரெடியா பாப்பா?"

"ஒரு நிமிஷம் அங்கிள்."

ஸ்டூலிலிருந்து எழுந்தாள். நான்கு எட்டில் திரை. அதை ஒதுக்கினாள். காதில் போனோடு அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஐந்து விரலையும் விரித்து, இதோ வைத்துவிடுகிறேன் என்று ஜாடை காட்டினாள்.

"அம்மா, போனை வை."

"அம்பிதான்டி. எவ்வளவு சந்தோஷப்படறான் தெரியுமா? நீயும் ஒரு வார்த்தை பேசு."

"வைம்மா."

குரலில் இருந்த ஏதோ ஒன்று ஜலஜாவின் சிரிப்பை நிறுத்தியது. போனைக் காதிலிருந்து எடுத்தாள், ஆனால் அணைக்கவில்லை. அம்பி மாமா 'ஹலோ, ஹலோ' என்பது சன்னமாகக் கேட்டது. ரஞ்சனி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இந்த முறை கண் எங்கும் போகவில்லை.

"இது விசாவுக்கு இல்லம்மா. வரனுக்கும் இல்ல. நான் சினிமால நடிக்கறதுக்கு."