பள்ளிக்கூடத்துப் பாகு

மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சிப் பாகு விற்கிற ஹார்லன் பெட்டிங்கில், என் சமையலறையிலிருந்து எடுத்து வந்த பாகு பாட்டிலை மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் தூக்கிப் பிடித்து, அதன் முதுகில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தான். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பாட்டிலை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு வாசித்தான்.

"சோளச் சர்க்கரை. கேரமல் நிறம். சோடியம் பென்... பென்சோயேட். செயற்கை மணம்." பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தான். "இதுல மேப்பிள் மரம் எங்க இருக்கு? மேல ஒட்டியிருக்கற படத்துல இருக்கு. பூட்ஸுக்குப் போடற பாலிஷ எடுத்து நம்ம பிள்ளைங்களுக்கு ஊத்திக் குடுத்துட்டிருக்கா கிளாடெட்."

இருநூறு பேர் சிரித்தார்கள். கிளாடெட் நான்தான். பதினெட்டு வருடமாக எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. வாரத்தில் ஒரு நாள், திங்கட்கிழமை காலை, அறுபத்திரண்டு பிள்ளைகளுக்குப் பான்கேக் சுட்டு அதன் மேல் அந்தப் பாட்டில் பாகை ஊற்றுகிறவள்.

எழுந்து, "நிஜப் பாகுக்கு யார் பணம் தர்றது?" என்று கேட்டேன்.

"பணம், பணம். டின் உடைச்சுக் கொட்டறவளுக்கு வேற என்ன பேச்சு வரும்?" என்றான் ஹார்லன். நானும் அவனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அப்போதும் அவனுக்கு வாய் இப்படித்தான். "எங்கிட்ட இருந்து வாங்கிக்கோ. அந்தப் பாட்டிலுக்கு என்ன விலை குடுக்கறியோ அதையே குடு. சுத்தமான மேப்பிள். மரத்துலேர்ந்து வர்றது, நெருப்புல கொதிக்கறது. நடுவுல ஒண்ணும் கிடையாது."

மெரிடித் ஆல்ஸ்டன் உடனே வழிமொழிந்தாள். கனெக்டிகட் மாநிலத்திலிருந்து ஆறு வருடம் முன்பு வந்து, ஆற்றோரத்துப் பழைய வீட்டை வாங்கி விடுதியாக்கியவள். பள்ளிக்கூடக் குழுவிலும் உறுப்பினர். கடையில் ரொட்டி வாங்கினாலும் லேபிளைக் கடைசி எழுத்து வரை படித்துவிட்டுத்தான் கூடையில் போடுவாள். அவளுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் அதற்குள் தங்கள் கூடையில் இருப்பதைப் பாதி தின்று முடித்துவிடலாம்.

"இயற்கையா விளைஞ்சதைத்தான் உடம்பு அடையாளம் கண்டுக்கும்," என்றாள் அவள், எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டே. "மத்ததெல்லாம் உடம்புக்கு அந்நியம்."

கைகள் உயர்ந்தன. இனிமேல் பள்ளிக்கூடத்தில் செயற்கைப் பாகு கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. அந்தக் கைகளில் பாதி, மத்தியானச் சாப்பாட்டின்போது ஆரஞ்சு நிறப் பொடி தூவிய சீஸ் பொரிகளைக் கிண்ணத்தோடு காலி செய்தது. நான்தான் கிண்ணத்தை மறுபடி மறுபடி நிரப்பினேன், எனக்குத் தெரியும்.

அடுத்த திங்கட்கிழமை ஹார்லனே தகர டின்களை எடுத்துக்கொண்டு வந்தான். இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. சாப்பாட்டு அறைச் சுவரில் சாய்ந்து, மார்புக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகள் சாப்பிடுவதை மேற்பார்வை பார்த்தான்.

பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. பாட்டில் பாகு தட்டில் கெட்டியாக நிற்கும். இது தண்ணீராக ஓடிப் பான்கேக்குக்குள் மறைந்தது. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "மரம் மாதிரி இருக்கு," என்று தட்டைத் தள்ளி வைத்தாள்.

ஹார்லன் குனிந்து அவள் முகத்துக்கு நேரே சொன்னான்: "மரம் மாதிரிதான் இருக்கும். உன் நாக்கு கெட்டுப் போயிருக்கு. கெடுத்து வெச்சிருக்காங்க. அது சரியாகறதுக்கு ஒரு மாசம் ஆகும்."

அவள் வாயை மூடிக்கொண்டு நாக்கை உள்ளேயே தடவிப் பார்த்தாள். அன்று முழுக்க அவள் எதுவும் சாப்பிடவில்லை என்று டீச்சர் வந்து சொன்னார்.

நான் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. பாகு நன்றாக இருந்தது. டின்னைக் கழுவும் முன் விரலால் வழித்து நக்கினேன். புகை வாசம், வெண்ணெய் வாசம், அடியில் லேசான கசப்பு. அவனைப் போன்ற ஒருவன் கையிலிருந்து இப்படி ஒன்று வருகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஏப்ரல் முதல் வாரம் பெரிய காற்று அடித்தது. ஹார்லனின் தோப்பு பள்ளிக்கூடச் சாலையை ஒட்டி இருக்கிறது. நூறு வயது மேப்பிள் ஒன்று இடுப்பளவில் முறிந்து சாலைக்குக் குறுக்கே விழுந்தது. என் தம்பி ராய்தான் ஊரின் சாலை மேஸ்திரி. ரம்பம் எடுத்துப் போய் அறுத்து ஒதுக்கினான். பத்து மணி வாக்கில் என் சமையலறைக்குப் பின்வாசல் வழியாக வந்து, பாத்திரம் தேய்க்கும் மேடையில் ஒரு மரத்துண்டை வைத்தான்.

"அக்கா, இதப் பாரு. கை வெக்காத. மோந்து பாரு."

துண்டில் சாறு இறக்க அடித்திருந்த பிளாஸ்டிக் குழாயின் மூக்கு இன்னும் சொருகியபடி இருந்தது. ராய் அதைத் திருகி எடுத்துத் துளையைக் காட்டினான். உள்ளே பாதி கரைந்த வெள்ளை மாத்திரை ஒன்று, பாச்சை உருண்டை தேய்ந்தது போல் ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்தேன். மூக்கில் ஊசி குத்தியது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஃபார்மலினா? பிணம் கெடாம இருக்கப் போடறதா?"

"அதோட மாத்திரை வடிவம். துளையில போட்டா மரம் புண்ண ஆத்திக்காது. காயம் மூடாம தொறந்தே கெடக்கும். ரெண்டு வாரம் கூடுதலா சாறு வடியும்." துண்டைப் புரட்டி வெட்டுப் பக்கத்தைக் காட்டினான். வெளிறிய மரத்துக்குள் காப்பித்தூள் நிறத்தில் ஏழெட்டுக் கோடுகள், ஒவ்வொன்றும் பழைய துளையிலிருந்து மேலும் கீழும் நீண்டு அழுகியிருந்தன. விரலால் குத்தினால் உதிர்ந்தது. "இதனாலதான் முறிஞ்சுது. இந்த வருஷம் மட்டும் போட்டதில்ல இது. எத்தனை வருஷமோ."

"இது தடை பண்ணினதுதானே?"

"இந்த மாநிலத்துல பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்கு முந்தி எல்லாரும் போட்டாங்க. அப்பாவும் போட்டாரு, நீயும் நானுந்தான் டப்பாவைத் தூக்கிட்டு மரம் மரமா போனோம். ஞாபகம் இல்ல?"

ஞாபகம் இருந்தது. காப்பி டின்னில் வெள்ளை மாத்திரைகள் கலகலக்கும். அப்போது அதற்குப் பேர் மருந்து.

ஹார்லன் வெள்ளிக்கிழமை அடுத்த வாரத்து டின்களோடு வந்தான். மரத்துண்டு மேடையிலேயே இருந்தது. அதைப் பார்த்ததும் டின்களை அவன் மெதுவாகத் தரையில் வைத்தான். முகத்தில் மட்டும் ஒரு மாறுதலும் இல்லை.

"ராய் வேலையா?"

"காத்தோட வேலை. ராய் அறுத்தான், அவ்வளவுதான்."

"கொதிக்கும்போது ஆவியா போயிடும். ஒண்ணும் மிஞ்சாது."

"மிஞ்சாதுன்னு யாரு சொன்னது?"

"முப்பது வருஷமா காய்ச்சறேன். யாராவது செத்திருக்காங்களா?"

"என் பாட்டிலால எத்தனை பேர் செத்தாங்க? அத எழுந்து நின்னு வாசிச்சியே."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் இளக்காரம் கொஞ்சமும் குறையவில்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. திருடன் கூடப் பிடிபட்டால் தலையைக் குனிவான்.

"அது வேற, இது வேற," என்றான். "அது ஃபாக்டரில கலக்கறது. நான் பாகுல எதையாவது கலந்தேனா? மரத்துல போட்டேன். மரம் எடுத்துக்கிச்சு. லேபிள்ல பாகுல போட்டதைத்தான் எழுதணும். நான் பாகுல ஒண்ணும் போடல."

"இந்த மாத்திரை எந்த மரத்துல காய்ச்சுது ஹார்லன்?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. நீ டின்னைத் திற, ஊத்து. அதுக்குத்தான் உனக்குச் சம்பளம்."

"டின்னைத் தூக்கிட்டுப் போ," என்றேன்.

தூக்கவில்லை. அப்படியே போட்டுவிட்டுப் போனான்.

பள்ளிக்கூடக் குழுவில் சொல்லாமல் நானாக எதுவும் செய்யக்கூடாது என்று மத்தியானமே மெரிடித்தின் விடுதிக்குப் போனேன். மரத்துண்டையும் கூடவே எடுத்துப் போனேன். வரவேற்பறை மேஜையில் ஹார்லனின் பாகு சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில், கழுத்தில் சணல் கயிறு கட்டி, வரிசையாக இருந்தது. 'எங்கள் மலையின் தூய்மை' என்று அட்டையில் கையால் எழுதியிருந்தாள்.

எல்லாவற்றையும் கேட்டாள். மோந்தும் பார்த்தாள். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்ப வருத்தமா இருக்கு, கிளாடெட். ஆனா இத எப்படிப் பார்க்கணும்னா... ஃபார்மால்டிஹைடுங்கறது இயற்கையிலயும் இருக்கு இல்லையா? பேரிக்காய்ல கூட இருக்குன்னு எங்கயோ படிச்சிருக்கேன்."

"பேரிக்காய மரத்துல ஓட்டை போட்டு யாரும் அடைக்கலையே."

"நான் அவருக்காகப் பேசல. அவர்கிட்ட நானே தனியா சொல்றேன், அடுத்த வருஷம் போட வேண்டாம்னு. இப்ப வெளிய தெரிஞ்சா இந்த ஊர்ல பாகு காய்ச்சற எல்லாருக்கும் கெட்ட பேர். நீங்க என்ன, அந்தப் பாட்டிலுக்கே திரும்பணும்னு சொல்றீங்களா?"

சோடியம் பென்சோயேட்டைக் கேட்டு நடுங்கினவள் இவள். பேர் நீளமாக இருந்தால் பயப்படுவாள்; சணல் கயிறு கட்டியிருந்தால் பிணவறை மருந்தையும் பேரிக்காய் ஆக்கிவிடுவாள். மரத்துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். போகும்போது வாசலில் அவள் என் கையைப் பிடித்து, "நீங்க மனசு பெரிசு பண்ணுவீங்கன்னு தெரியும்," என்றாள். என் மனசைப் பற்றி அவளுக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி, ஹார்லன் போட்டுவிட்டுப் போன டின்களைத் திறக்காமல் ஒதுக்கி வைத்துவிட்டு, மாநில வேளாண் துறைக்குத் தொலைபேசினேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு ஆய்வாளர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். ஹார்லனின் கொட்டகையில் பீப்பாய் பீப்பாயாக மாதிரி எடுத்தார். தோப்பில் நாற்பது துளைகளைப் பார்த்தார். முப்பத்தேழில் மாத்திரை இருந்தது. மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. ஒன்பது பீப்பாயில் ஐந்தில் ஃபார்மலின் இருக்கக்கூடாத அளவு இருந்தது. அந்த வருடத்துப் பாகு முழுவதும் விற்கக்கூடாது என்று முத்திரை வைத்தார்கள். மெரிடித் அதே நாளில் குப்பிகளை மேஜையிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தேன் வைத்தாள். தான்தான் முதலில் சந்தேகப்பட்டதாக விடுதிக்கு வந்தவர்களிடம் சொன்னாளாம்.

ஹார்லன் சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, பாட்டில் பாகு கம்பெனிக்காரன் அரசாங்கத்தை விலைக்கு வாங்கிவிட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டவர்களில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான் கம்பெனியிடமிருந்து என்ன வாங்கினேன் என்று ராயிடமே ஒருவன் கேட்டிருக்கிறான்.

மே மாதத்தில் ஒரு நாள் ஹார்லனின் மனைவி ஐரீன் சமையலறைக்கு வந்தாள். ஒல்லியான, சத்தமில்லாத பெண். கோட்டுப் பையிலிருந்து ஒரு ஜாடியை எடுத்து மேடையில் வைத்தாள். வெளிச்சம் படப்பட உள்ளே பொன்னிறமாக இருந்தது.

"பிள்ளைங்களுக்கு," என்றாள். "இது நல்லது. வீட்டுக்குப் பின்னால நாலு மரம் இருக்கு. அதுல வாளி மாட்டி நானே காய்ச்சறேன். அதுல எதுவும் போட விடமாட்டேன் அவர."

"எத்தனை வருஷமா தனியா காய்ச்சறே?"

"பதினஞ்சு... இருக்கும்."

"கொட்டகைல வர்றத நீ சாப்பிடறதில்லையா?"

"நானா? தொட்டதே இல்ல. அவர்தான் தினமும் ஊத்திப்பாரு." அவள் குரலில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

"கூட்டத்துல என் பின்னால ரெண்டாவது வரிசைல உக்காந்திருந்தே. தீர்மானத்துக்குக் கை தூக்கினியா?"

அவள் ஜாடியின் மூடியைத் திருகினாள். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

"தூக்கினேன்."

"அறுபத்திரண்டு பிள்ளைங்க, ஐரீன்."

"என்ன செய்யச் சொல்றே. புருஷன்."

ஜாடியை அவள் பக்கம் தள்ளி வைத்தேன். எடுத்துக்கொண்டு போனாள். ஹார்லனை வெறுத்ததைவிட அந்த நிமிடம் அவளை அதிகமாக வெறுத்தேன். அவனாவது தன் பொய்யைத் தானே சாப்பிட்டான்.

ராய்க்கு இது பிடிக்கவில்லை. "அவளப் போயி ஏன் அக்கா? பாவம் அது," என்றான். பிறகு காப்பியைக் கலக்கிக்கொண்டே கேட்டான்: "அன்னிக்கு ஹார்லன் உன்னக் கூட்டத்துல கேவலப்படுத்தாம இருந்திருந்தா, நீ அந்த ஆய்வாளரக் கூப்பிட்டிருப்பியா?"

எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். கூப்பிட்டிருக்க மாட்டேன். அப்பாவும்தான் போட்டார் என்று சொல்லி மரத்துண்டை அடுப்பில் போட்டு எரித்திருப்பேன். பிள்ளைகளை நினைத்துத்தான் தொலைபேசியை எடுத்தேன் என்று ஊரில் இரண்டு பேர் என்னைப் புகழ்ந்தார்கள்; அவர்களைத் திருத்துவதற்கு எனக்கு வாய் வரவில்லை.

தீர்மானம் மட்டும் அப்படியே இருந்தது. ஊர்க்கூட்டத்தில் போட்டதை ஊர்க்கூட்டம்தான் மாற்ற முடியும், அதற்கு அடுத்த மார்ச் வரவேண்டும் என்று குழு சொல்லிவிட்டது. சரக்கறையில் பழைய பாட்டில்கள் நாலு பெட்டி கிடந்தன. திறக்க அனுமதி இல்லை. வேறு ஆளிடம் நிஜப் பாகு வாங்கப் பணம் இல்லை. திங்கட்கிழமைப் பான்கேக்குக்கு வெண்ணெய் தடவி, மேலே ஒரு சிட்டிகை சர்க்கரை தூவிக் கொடுத்தேன்.

வரிசையில் வந்த இரண்டு சிறுமிகள் தட்டைப் பார்த்தார்கள்.

"பாகு இல்லையா?"

"இல்ல."

"கெட்டியா இருக்குமே அதுவா இல்ல, தண்ணியா இருக்குமே அதுவா இல்ல?"

"ரெண்டும் இல்ல."

ஒருத்தி தோளைக் குலுக்கினாள். இரண்டு பேரும் ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, பான்கேக்கைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, வேறு எதையோ பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள்.