இடது கண்ணில் தேன்பருந்துகள்

பருந்தக்காவின் இடது கண்ணுக்குள் பறவைகள் சுற்றிக்கொண்டிருப்பதை முதலில் பார்த்தவர் கண் டாக்டர். அன்று காலை ஏற்கெனவே இரண்டு கண்புரையும் ஒரு கண்கட்டியும் பார்த்திருந்ததால் அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்து, மறுபடியும் பார்த்தார். கண்ணில் பூ விழுந்திருக்கும் என்று நினைத்துத்தான் பருந்தக்கா வந்திருந்தாள். பூ இல்லை, பருந்து என்றார் டாக்டர். தேன்பருந்து மாதிரி இருக்கிறது, ஆனால் அது உங்கள் துறை, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, பறவைகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்திவிடச் சொன்னார். வலது கண் சின்ன வயதிலிருந்தே மங்கல் என்பதால், பருந்தக்காவுக்கு அந்த இடது கண்தான் கண். சோறு போட்டதும் அதுதான்.

ஊருக்கு வடக்கே இரண்டு மலைகள் நெருங்கி வந்து, நடுவில் ஒரு இடைவெளி விட்டிருந்தன. குளிர் முடிந்ததும் தெற்கேயிருந்து கிளம்பும் கழுகு, பருந்து, வல்லூறு எல்லாம் அந்த இடைவெளி வழியாகத்தான் வடக்கே போயின. அவற்றை எண்ணுவதற்கு ஒரு அலுவலகம் இருந்தது, அதற்கு ஒரு மேலதிகாரி இருந்தார், முன்பு எண்ணுவதற்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மாற்றலாகிப் போனதும் அந்த இடம் காலியாகவே கிடந்தது. மூடிப்போன சிமென்ட் ஆலையின் உச்சித் தளத்தில், லிஃப்ட் ஓடாததால் படியேறிப் போய், விடிந்ததிலிருந்து கடைசி பஸ் வரை பருந்தக்கா ஒருத்தியே நின்றாள். கழுத்தில் தொலைநோக்கி தொங்கும். கையில் ஒரு சின்ன எண்ணும் பெட்டி இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் டிக் என்று ஓர் எண் ஏறும். அந்த விரல் தூக்கத்திலும் அழுத்திக்கொண்டிருக்கும். ஊரில் இதையெல்லாம் யாரும் அதிசயமாக நினைக்கவில்லை. இதற்கு முந்தைய வசந்தத்தில் ஒரு கழுகின் நிழல் தபால் ஆபீஸ் சுவரிலேயே தங்கிவிட்டபோது, தபால்காரர்கள் தங்கள் சைக்கிள்களை அந்த நிழலில் நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

எண்ணும் வேலையில் ஒரே ஒரு விதி உண்டு. வெயில் ஏறியதும் தரையிலிருந்து சூடான காற்று எழும். பறவைகள் அதற்குள் புகுந்து, இறக்கை அடிக்காமல் வட்டம் வட்டமாகச் சுற்றி மேலே போகும். இந்த வேலையில் இருப்பவர்கள் அதைப் பம்பரம் என்பார்கள். போதுமான உயரம் வந்ததும் பம்பரத்தின் உச்சியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று, வடக்கு நோக்கி ஒரே கோடாகச் சறுக்கும். அதற்கு வழிசல் என்று பெயர். பம்பரத்தை எண்ணக் கூடாது, வழிசலைத்தான் எண்ண வேண்டும். சுற்றுகிற பறவை இன்னும் எங்கேயும் போகாத பறவை. அதை எண்ணிவிட்டால் கணக்கில் அது போய்விடுகிறது, வானத்தில் போகவில்லை. இதைப் பருந்தக்கா வேலையில் சேர்ந்த அன்றே மனப்பாடம் செய்திருந்தாள். ஆனால் டாக்டரிடம் போவதற்குச் சில நாள் முன்பு ஒரு சாயங்காலம் ஆலைக்கு மேலே ஒரு பெரிய தேன்பருந்துப் பம்பரம் சுற்றிக்கொண்டேயிருந்தது, வழிவதாக இல்லை. கால் வீங்கி செருப்பு இறுக்கியது. கடைசி பஸ் மேட்டில் திரும்பும் சத்தம் கேட்டது. காலி இடத்தை நிரப்பச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன அசதி, வருஷக்கணக்கான அசதி, கட்டைவிரலில் வந்து உட்கார்ந்தது. அவள் பம்பரத்தையே எண்ணினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு. தொலைநோக்கியை மூடியபோது வானம் சுத்தமாக இருந்தது. அப்பாடா என்று இறங்கி ஓடி பஸ்ஸைப் பிடித்தாள்.

மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு எண்ணும் இடம் உண்டு. அங்கே இருந்தவரை அவள் நேரில் பார்த்ததேயில்லை, வடக்கு அண்ணன் என்று கூப்பிடுவாள். இங்கே கடந்தது அங்கே வந்ததா என்று தினமும் சாயங்காலம் போனில் ஒத்துப் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "நீங்க சொன்ன அந்தப் பெரிய கூட்டம் இங்க வரலம்மா. ஒண்ணுகூட வரல." காற்று திசை மாறியிருக்கும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் உம் கொட்டினார். அந்த உம்மில் இருந்த சந்தேகத்தை அவள் கேட்காதது போல் இருந்துவிட்டாள்.

அதற்குள் கண் மறைக்க ஆரம்பித்திருந்தது. சமையலறையில் அடுப்புச் சூடு முகத்தில் பட்டால் பறவைகள் கிளம்பிச் சுற்றும், பார்வையின் நடுவில் ஒரு பழுப்பு வட்டம் ஓடும். குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவினால் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். படுத்தால் தலை தானாக வடக்கே திரும்பிவிடும். காலையில் தலையணையில் கடுகளவு இறகுகள் கிடக்கும்.

அந்தத் தலையணையில் பகலில் படுப்பவர் அவள் புருஷன். அவருக்கு ஐஸ் ஃபேக்டரியில் இரவு வேலை. விடியற்காலையில் அவர் படியேறி வரும்போது அவள் இறங்கிப் போவாள், சாயங்காலம் அவர் இறங்கும்போது அவள் ஏறி வருவாள். இரண்டாவது சாவி எப்போதோ தொலைந்துபோய், புதிதாகச் செய்யாமலே விட்டுவிட்டதால், ஒரே சாவி படிக்கட்டில் கை மாறும். மீன்காரர்கள் வந்தார்களா, தண்ணீர் வந்ததா, அவ்வளவுதான் பேச்சு. ஒருவர் எழுந்த சூட்டில் இன்னொருவர் படுத்தார்கள், அதனால் அந்தக் கட்டில் பல வருஷமாக ஆறியதேயில்லை. இதை ஒரு குறையாக இருவரும் சொல்லிக்கொண்டதில்லை, சொல்லிக்கொள்ள நேரம் வாய்த்ததுமில்லை. தலையணையில் இறகு கிடப்பதைப் பார்த்த ஐஸ்காரர், உறை கிழிந்திருக்கிறது என்று நினைத்து ஓரத்தைத் தைத்தார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் தைத்தார். அந்த வீட்டில் தலையணைக்கு உள்ளே இருந்தது பஞ்சு.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று பருந்தக்கா வடக்கு அண்ணனிடம் நடந்ததைச் சொல்லிவிட்டாள். தனக்கும் ஒரு தடவை இப்படி ஆகியிருக்கிறது என்றார், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பதினைந்து வல்லூறு. அதற்கு வழி ஒன்றுதான். இன்னொருத்தர் நல்ல வெயிலில் எதிரே உட்கார்ந்து, கண்ணுக்குள் பார்த்து, அவை வழியும்போது எண்ண வேண்டும். அவருடைய அண்ணிதான் எண்ணினாராம். "இன்னிக்கு வரைக்கும் விருந்தாளி வந்தா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. பொறுத்துக்கணும், வேற என்ன பண்றது" என்றார். ஆனால் தள்ளிப்போடக் கூடாது. தெற்குக் காற்று நிற்பதற்குள் முடிக்க வேண்டும். நின்றுவிட்டால் பறவைகள் வடக்கை மறந்துவிடும், இருக்கிற இடத்திலேயே கூடு கட்டிவிடும். கூடு கட்டிவிட்டால் அந்தக் கண் அவ்வளவுதான்.

"உங்களுக்கு யாரும்மா இருக்கா?" என்று கேட்டார் வடக்கு அண்ணன்.

கேள்வி சுலபமானதுதான். பார்க்கிறேன் என்று போனை வைத்தாள்.

முதலில் மேலதிகாரியிடம் போனாள். கடக்காத பறவையைக் கடந்ததாகச் சொன்னது தப்பு என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். ஆள் கேட்டு மேலே எழுதுவதாகவும் சொன்னார். மேலே எழுதினால் எப்போது வரும் என்பது காலி நாற்காலிக்குத் தெரியும். அடுத்து, கீழ்வீட்டுத் தையல்காரியிடம் கேட்டாள். கரண்ட் போன அறையிலும் ஊசியில் நூல் கோர்ப்பவள் என்று அவளுக்குப் பேர். தையல்காரி ஜன்னலோரம் உட்கார்ந்து, பருந்தக்காவின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணுக்குள் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்து, எழுந்து ஓடி வாஷ்பேசினில் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டே, "மன்னிச்சுக்கோங்க அக்கா. உள்ள ரொம்ப உயரமா இருக்கு" என்றாள்.

புருஷனை மட்டும் அவள் கேட்கவில்லை. அவருக்குப் பகல் என்பது இரவு. பகலில் உட்கார வைப்பது நடுச்சாமத்தில் ஒருவரை எழுப்பி உட்கார வைப்பது போல. தவிர, படிக்கட்டில் சாவி வாங்குகிறபோது கேட்கிற விஷயமாகவும் அது இல்லை. நாட்கள் போயின. தெற்குக் காற்று மெலிந்தது. பறவைகளில் சில அலகில் குச்சியோடு சுற்றுவதை டாக்டர் பார்த்துச் சொன்னார். குச்சி எங்கிருந்து கிடைத்தது என்று அவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

அன்று விடியற்காலை ஐஸ்காரர் படியேறி வந்தவர், சாவிக்குக் கையை நீட்டாமல் நின்றார். "தலகாணிய மூணு தரம் தெச்சுட்டேன். அதுல ஓட்டையே இல்ல. உனக்கு என்ன ஆச்சு?"

அவள் சொன்னாள். எல்லாவற்றையும் சொல்ல நாலு வாக்கியம்தான் ஆயிற்று.

"டாக்டர்கிட்ட சொன்ன, ஆபீஸ்ல சொன்ன, கீழ்வீட்ல சொன்ன."

"நீங்க தூங்கணும்ல."

"செத்தப்புறம் தூங்கிக்கறேன். இன்னிக்கு வெயில் அடிக்குமா?"

அடிக்கும் என்றாள். வானத்தைப் பற்றி அவள் சொன்னால் தப்பாது. அவர் அலுவலகத்துக்குப் போன் பண்ணி இவள் வரமாட்டாள் என்று மேலதிகாரியிடம் சொன்னார். அவர் குரல் ஃபேக்டரி இயந்திரங்களுக்கு மேலே கேட்கப் பழகிய குரல் என்பதால் மறுமுனையில் யாரும் மறுக்கவில்லை.

மொட்டை மாடியில், துணிக்கொடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டார்கள். அவர் கூடவே கொண்டுவந்த ஐஸ் துண்டைத் துணியில் சுற்றிப் பிடரியில் கட்டிக்கொண்டார், தூக்கம் வராமலிருக்க. எண்ணும் பெட்டியை அவர் கையில் கொடுத்து, பம்பரத்தை எண்ணாதீர்கள் என்று அவள் சொன்னாள். தெரியும் என்றார். இவள் தூக்கத்தில் உளறியது அதை மட்டும்தான் என்று, தனக்கு இரவு வேலை வருவதற்கு முன்பு பக்கத்தில் படுத்த அனுபவத்தில், சொன்னார். வெயில் அவள் முகத்தில் ஏறியது. கண்ணுக்குள் வட்டம் தொடங்கியது. நெடுநேரம் சுற்றியது. அவர் விரலை அசைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பறவை வெளியே வந்தபோது கொசு அளவுதான் இருந்தது. துணிக்கொடியைத் தாண்டும்போது குருவி அளவு. தொட்டிக்கு மேலே போனதும் முழுப் பருந்து. டிக். அடுத்தது இமை மயிரில் இறக்கை உரசிக்கொண்டு வந்தது. டிக். காய்ந்த துணிகள் காற்றில் கிளம்பின, அக்கம்பக்கத்துப் புறாக்கள் எல்லாம் எங்கோ போய் ஒளிந்துகொண்டன, தெருவில் சிலர் அண்ணாந்து பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். கண் நிறையப் பறவையாக இருந்ததால் அவளுக்கு அவர் தெரியவில்லை. சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒரு இடத்தில் சத்தம் நின்றது.

"ஏங்க."

"முழிச்சுத்தான் இருக்கேன். உள்ள நான் தெரியறேன். இவ்வளவா நரைச்சுப்போச்சு எனக்கு?"

"எண்ணுங்க."

எண்ணினார். ஐஸ் கரைந்து முதுகில் வழிந்து சட்டையை நனைத்து, அந்த ஈரமும் காய்ந்தது. அவருடைய இமைகள் துடித்தன. ஒரு தடவை விரலால் மேல் இமையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பார்த்தார். கூட்டம் குறையக் குறைய, பறவைகளுக்கு நடுவே அவருடைய சட்டைப் பொத்தான் அவளுக்குத் தெரிந்தது, பிறகு தாடை, பிறகு முகம். படிக்கட்டு இருட்டில் அந்த முகத்தை அவள் வருஷக்கணக்காகக் கடந்துபோயிருந்தாள். கண்ணுக்குக் கீழே ஐஸ் வெட்டும் கத்தி பட்ட ஒரு பழைய தழும்பு இருந்தது. அது எப்போது ஆயிற்று என்று அவளுக்குத் தெரியாது, அப்போது கேட்கவும் முடியாது.

நிழல் நீண்டபோது வழிசல் நின்றது. அவள் பெட்டியை வாங்கி எண்ணைப் பார்த்தாள். முந்நூற்றுப் பதினொன்று.

"ஒண்ணு குறையுது."

"தூங்கிட்டேன்னு நினைக்கறியா?"

"இல்ல."

"ஒண்ணு விளிம்பு வரைக்கும் வந்துச்சு. வெளிய எட்டிப் பாத்துச்சு. திரும்ப உள்ள போயிடுச்சு."

"ஏன்?"

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "அலுப்பா இருந்திருக்கும்" என்றார். நாளைக்கும் வேண்டுமானால் உட்காருகிறேன் என்று சொன்னது பாதியில் குறட்டையாகிவிட்டது. அவள் எழுப்பவில்லை. இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, தன் நாற்காலியில் தானும் சாய்ந்துகொண்டாள். பல வருஷத்துக்குப் பிறகு இருவரும் ஒரே நேரத்தில் தூங்கினார்கள். கீழே கட்டில் ஆறியது.

இரண்டு நாளில் முந்நூற்றுப் பதினொன்றும் வந்துசேர்ந்தன என்று வடக்கு அண்ணன் போன் செய்தார். குச்சிகளையும் கொண்டுவந்திருந்தனவாம். மிச்சம் ஒன்றை என்ன செய்வது என்று மேலதிகாரி மேலே கேட்டு எழுதினார். அது இன்னும் கடக்கவில்லையாதலால் எண்ணிக்கையில் சேராது என்று அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் பதில் வந்தது. எண்ணுவதற்கு இரண்டாவது ஆள் மட்டும் வரவில்லை. ஒற்றைப் பருந்து கூடு கட்டாது என்பதால் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு வருஷமும் டாக்டர் கண்ணாடி மாற்றிக் கொடுக்கும்போது, பறவை ஒன்று, ஆரோக்கியம் என்று குறித்துக்கொள்வார். குளிர் முடியும் சமயத்தில் மட்டும் அது இரண்டு மூன்று வட்டம் அடிக்கும், பிறகு பேசாமல் உட்கார்ந்துவிடும்.

ஐஸ்காரர் இப்போதும் விடியற்காலையில்தான் வருகிறார். செருப்பைக் கழற்றியதும் அவள் முகத்தைக் குழல் விளக்குப் பக்கம் திருப்பி, இடது கண்ணுக்குள் கொஞ்ச நேரம் பார்க்கிறார். சில நாள் இறகு கோதுகிறது என்பார், சில நாள் முறைக்கிறது என்பார். பெரும்பாலும் தூங்குகிறது என்றுதான் சொல்வார், சொல்லிக்கொண்டே போய்ப் படுத்துவிடுவார். அவள் விளக்கை அணைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு, பறவைகளை எண்ணப் போவாள்.