வாயை மறைத்த தாள்

ஏழு வயதாகியும் என் மகள் சிவலீலாவின் வாயில் ‘ச’ வரவில்லை. சக்கரையை ‘அக்கரை’ என்பாள். பள்ளியில் பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க, பேசுவதையே குறைத்துக்கொண்டாள். மைசூரில் நாங்கள் கட்டட வேலை செய்த இடத்துக்குப் பக்கத்து அரசுப் பள்ளிக்கு, பேச்சுப் பயிற்சி படிக்கும் அனகா என்ற பெண் செவ்வாயும் வெள்ளியும் வர ஆரம்பித்தாள். மொத்தம் பத்து வகுப்பு, தாயும் கூட உட்கார வேண்டும் என்றாள். அரைநாள் கூலி போனாலும் போனேன்.

கூடச் செங்கல் சுமக்கும் மல்லவ்வா விடவில்லை. “பேச வைக்க வாத்தியாரம்மாவா? என் புருசன் பேச்ச நிறுத்த ஒருத்தி இருந்தா சொல்லுடி, கையோட கூட்டிட்டுப் போறேன்.”

காது சோதிக்கும் மெஷின் அனகா படிக்கும் கல்லூரியில் இருந்தது. அங்கே போனால் ஒரு வகுப்பு நாள் வீணாகும். முதல் நாள் அனகா சிவலீலாவின் முதுகுக்குப் பின்னால் நின்று பலமாகக் கைதட்டினாள். குழந்தை திரும்பினாள்.

“வீட்ல கூப்பிட்டா திரும்புவாளாக்கா?”

“திரும்புவாம்மா.”

“காதுல சீழ் கீழ் வருதா?”

“அதெல்லாம் இல்ல.”

இரண்டும் பொய். இரண்டு வருடமாகத் தலையணைத் துணி நாறிக்கொண்டிருந்தது. ராய்ச்சூரில் என் அக்கா மகனுக்குக் காது கேட்காது என்று எழுதி, தூரத்து விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறைதான் அவள் பிள்ளையைப் பார்ப்பாள். ‘கேட்டல்: சரி’ என்று அனகா எழுதியதை எழுத்துக்கூட்டிப் படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஒவ்வொரு வகுப்புக்கும் அனகா ஒரு தாள் எழுதிக்கொண்டு வருவாள். எந்தப் படம், எத்தனை நிமிடம் என்று எல்லாம் அதில் இருக்கும். இருபதுக்குப் பதினாறு சரியானால் அடுத்த படி. அவளுடைய சார் கையெழுத்துப் போடாமல் அந்தத் தாள் பள்ளிக்கு வராது. சிவலீலா அவள் உதட்டையே வெறித்துப் பார்த்து, பல்லைச் சேர்த்துக் காற்றை விடப் பழகினாள். ஐந்தாவது நாள் வகுப்பில் பதினேழு சரி.

“என் மொத புள்ளக்கா இவ!” என்று அனகா துள்ளினாள்.

ஆறாவது நாள் வகுப்பின் படி வேறு. வாயை மறைத்துக்கொண்டு அவள் சொல்ல வேண்டும். குழந்தை காதால் கேட்டு, படத்தைத் தொட வேண்டும். அந்தத் தாளையே வாய்க்கு நேரே பிடித்தாள்.

“சூரியன்.”

சிவலீலா அசையவில்லை.

“சீப்பு.”

குனிந்து தாளுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

“ஏய் கள்ளி! பாக்கக் கூடாது!” அனகா சிரித்தபடி தாளை இறக்கிப் பிடித்தாள். இருபது முறை சொன்னாள். ஒன்றுதான் சரி. கடைசி நாலைந்தைச் சொல்லும்போது அவள் குரலில் சிரிப்பு இல்லை. தாளைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையின் காதோரம் முகத்தைக் கொண்டுபோனவள், சட்டென்று பின்வாங்கினாள்.

“எத்தன நாளாக்கா இந்த நாத்தம்?”

“ரெண்டு வருசம்.”

“நான் கேட்டேனேக்கா!”

“கேட்ட. நாந்தான் மறைச்சேன்.”

அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. “உள்ள எலும்ப அரிச்சிருக்கு. மூளைக்குப் போறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணணும். இந்தக் காது இனி கேக்காது. அந்தக் காதும் பாதிதான். ஒரு வருசம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்.”

ஆபரேஷன் முடிந்த மறுநாள் அனகாவின் சார் வந்தார். அவள் அவருக்குப் பின்னால் நின்றாள்.

“அந்தப் பொண்ணு மேல தப்பில்ல சார். பொய் சொன்னது நான்” என்றேன்.

“பெத்தவங்க பயத்துல மறைப்பாங்கம்மா. அதுக்குத்தான் மெஷின் இருக்கு” என்றார். குரலை உயர்த்தவில்லை. அனகா தலையைக் குனிந்துகொண்டாள்.

சார் நகர்ந்த பிறகு அவள் என் கையைப் பிடித்தாள். “இனிமே நான் வர மாட்டேன்க்கா. வேற ஒருத்தர அனுப்புவாங்க.” கட்டுப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் சிவலீலா கண் விழித்துக் கதவைப் பார்த்தாள். “அக்கா எங்க?”

கட்டிலுக்கு முன்னால் குந்தி, அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். “வர மாட்டா.”

என் உதட்டையே பார்த்தாள். புரியவில்லை. மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து மறுபடி சொன்னேன். இந்தமுறை புரிந்தது. நான் மேலே ஏதும் சொல்வதற்குள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.