மாடிப்படிக்காரியின் நகைகள்

புஷ்பவள்ளி பேயைக் கண்டு பயப்படவில்லை. விலை போட்டுப் பார்த்தாள். தொழில் புத்தி அப்படி. பினாங்கு ஸ்ட்ரீட்டில் பழைய நகை வாங்கி விற்கிறவளுக்கு, எதிரே நிற்பவள் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்பது இரண்டாவது கேள்விதான். கழுத்தில் என்ன கிடக்கிறது என்பதே முதல் கேள்வி.

டத்தோ கிராமாட்டில் அவளும் கணவரும் வாங்கிய பழைய வீட்டின் மரப்படி பாதி வழியில் திரும்பும். அந்தத் திருப்பத்தில் ஒரு ஜன்னல் உண்டு. விளக்கு வைக்கும் நேரத்தில், அதிலும் மழை பெய்து ஓய்ந்த மாலைகளில், ஜன்னலோரம் ஒருத்தி வந்து நிற்பாள். வெளிச்சம் கழுத்துக்கு மேல் எட்டாது. முகம் இருட்டில் கிடக்கும். புஷ்பவள்ளி கீழ்ப்படியிலேயே நின்றுகொள்வாள். மேலே ஏறிக் கிட்டப் போனதில்லை. அது பயமில்லை, மரியாதை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

கழுத்தில் கிடந்தது பழைய அட்டிகை. கல்லுக்குப் பின்னால் தங்கத்தை மூடிக் கட்டியது. உள்ளே ஒளி புகாததால் கல் அடக்கமாகத்தான் மின்னும். ஜப்பான்காரன் சண்டைக்கு முந்திய வேலை; அந்த மாதிரி எத்தனையோ அவள் கை வழியே போயிருக்கின்றன. அதற்குப் பிறகு வந்தவர்கள் நன்றாக மின்னட்டும் என்று பின்பக்கத்தைத் திறந்து கட்டினார்கள். அவர்களுக்கும் பிறகு வந்தவர்கள் கல்லே வேண்டாம், எடை இருந்தால் போதும் என்றார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எடையும் வேண்டாம். நூல் மாதிரி ஒரு சங்கிலி போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

அட்டிகையில் சந்தேகமில்லை. தோளில் குத்தியிருந்ததுதான் இடித்தது. அது ஒரு கெரோசாங். நோன்யாச் சீனப் பெண்களும், கடைக்கு வந்து போகும் ஹமீதாவின் வீட்டுப் பெண்களும் கெபாயாச் சட்டையின் முன்பக்கத்தைச் சேர்த்துக் குத்திக்கொள்வார்களே, அந்த ஊசி. மாவிலை வடிவம், வெள்ளைக் கற்கள், நடுவே ஒன்று மட்டும் சிவப்பு.

"சேலைக்குப் போய் கெரோசாங் குத்துவாளா ஒரு தமிழச்சி?" என்று கணவர் மோகனராஜிடம் கேட்டாள்.

அவர் கண்ணுக்கு இதுவரை எதுவும் தட்டுப்பட்டதில்லை. "வாடகை குடுக்காம குடியிருக்கறவ. கெடைச்சதக் குத்திக்கிட்டா லா. ஒனக்கு என்னா?" என்றார்.

சண்டைக்கு முன்னால் இந்த வீட்டில் வாழ்ந்த யாரோ என்று புஷ்பவள்ளி முடிவு கட்டினாள். வெள்ளிக்கிழமைகளில் படியில் ஒரு முழம் பூ வைத்தாள். அவளும் தொந்தரவு செய்யவில்லை, இவளும் தொந்தரவு செய்யவில்லை. அப்படியே வருஷங்கள் ஓடின.

ஒரே மகள் துளசிக்குக் கல்யாணம் கூடிவந்தது. பாயான் பாரு பக்கத்து ஃபேக்டரியில் அவளோடு வேலை பார்க்கும் யுகேந்திரன்தான் மாப்பிள்ளை. புது நகை எதுவும் வேண்டாம், கடையில் இருக்கும் பழசில் எடுத்துக்கொள்கிறேன் என்றாள் துளசி. விற்காமல் கிடந்த ஓர் அட்டிகையை எடுத்துக் கழுத்தில் வைத்துக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தபோது ஹமீதா கடைக்குள் வந்தாள். பல வருஷத்துப் பழக்கம். கைக்குட்டையை அவிழ்த்து, விற்கக் கொண்டுவந்ததை மேஜைமேல் வைத்தாள்.

மாவிலைக் கெரோசாங். வெள்ளைக் கற்களுக்கு நடுவே ஒரு சிவப்பு.

புஷ்பவள்ளியின் கை அதைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. "இது முந்தி யாருகிட்ட இருந்துச்சு ஹமீதா? தமிழ் ஆளுங்க யாராச்சும் போட்டிருந்தாங்களா?"

"ஐயோ இல்லக்கா. எங்க உம்மா வழியா வந்தது, வீட்ட விட்டு வெளியவே போனதில்ல. ஒரு கல்லு விழுந்துருச்சு. தங்கச்சி கல்யாணத்துக்கு நான்தான் செவப்பு வச்சுக் கட்டுனேன். இப்பத்தான், போன வருசம்."

போன வருசம். அந்தச் சிவப்புக் கல்லைப் புஷ்பவள்ளி வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறாளே!

வாங்க வருகிறவர்களிடம் அவள் வாய் ஓயாமல் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. "ஒருத்தியோட காலத்தத் தெரிஞ்சுக்கணும்னா அவ மேல கெடக்கற ஆகப் பழைய நகையப் பாக்காதீங்க. அது யாரு குடுத்ததோ, எங்க இருந்து வந்ததோ. ஆகப் புது நகையப் பாருங்க. அது செஞ்சப்பறந்தான் அவ அதப் போட்டிருக்க முடியும்." ஊருக்குத்தான் உபதேசம் என்பது சரியாகப் போயிற்று. தன் வீட்டுப் படியில் நிற்பவளுக்கு மட்டும் அட்டிகையைப் பார்த்துக் காலம் குறித்துவிட்டாள்.

"அம்மா, இங்க பாருங்களேன்," என்றாள் துளசி. கெரோசாங்கை எடுத்துத் தன் முந்தானைத் தோளில் குத்தியிருந்தாள். கழுத்தில் அட்டிகை. "ரெண்டும் சேத்துப் போட்டா எவ்ளோ அழகா இருக்கு! எனக்கு இதுவே போதும் லா."

கண்ணாடியில் தெரிந்த கழுத்தும் தோளும் புஷ்பவள்ளி படித் திருப்பத்தில் பார்த்துப் பழகியவை. அவற்றுக்கு மேல் ஒரு முகம் தெரிந்ததுதான் அவளுக்குப் புதிது.

அன்று மாலை மழை விட்டதும் கீழ்ப்படியில் போய் நின்றாள். இந்தத் தடவை ஆகப் புதியதைத் தேடினாள். எல்லார் கழுத்திலும் கிடப்பதுதானே என்று இதுவரை உற்றுப் பார்க்காத ஒரு தாலி அட்டிகைக்குக் கீழே தொங்கியது. இரண்டு பக்கமும் பொட்டு, நடுவில் சின்னதாக ஒரு வேல். இப்படி ஒரு தாலி அவள் கைக்கு வந்ததே இல்லை. எந்தக் காலத்து நகையிலும் அவள் இதைப் பார்த்ததில்லை. முதல் முறையாக அந்த வீட்டில் அவளுக்குப் பயம் வந்தது. விளக்கைக்கூட ஏற்றாமல் சமையலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பேயாக நிற்பவள் செத்தவள். செத்தவள் போட்டிருப்பது மகளுடைய நகை. இதற்குமேல் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. அட்டிகையையும் துளசி கேட்டு வாங்கிய கெரோசாங்கையும் ஒளித்து வைத்தாள். துளசி சாப்பிடும்போது, சிரிக்கும்போது, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது எல்லாம் வெறித்துப் பார்த்தாள்.

"என்னாமா, நான் சாகப் போற மாதிரியே பாக்கறீங்க?" என்று துளசி ஒருநாள் எரிந்து விழுந்தாள்.

புஷ்பவள்ளி அறைக்குள் போய்ச் சேலையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். "இந்தக் கல்யாணம் வேணாங்க," என்றாள் கணவரிடம்.

"கார்டு அடிச்சாச்சு, மண்டபம் புக் பண்ணியாச்சு. ஒனக்குப் பைத்தியமா?"

"பைத்தியம்னே வச்சுக்குங்க. வேணாம்."

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா தாலியைச் செய்து வாங்கிய கையோடு வந்திருந்தார். மழை அப்போதுதான் விட்டிருந்தது. வெற்றிலைத் தட்டின் நடுவே சிவப்புப் பெட்டியைத் திறந்து வைத்தார்.

"நகைக்காரி நீங்க பாத்து நல்லாருக்குன்னு சொன்னாத்தான் எனக்கு நிம்மதி. மகனுக்கு நல்ல எடம் அமைஞ்சா தாலியிலயே வேல் வக்கிறேன்னு தண்ணீர்மலை முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன். இந்த மாதிரி வேற யாருகிட்டயும் இல்ல சம்பந்தி."

இரண்டு பக்கமும் பொட்டு, நடுவில் வேல். பற்றவைத்த இடத்தில் கை தவறி வேல் இடப்பக்கம் இம்மியளவு சாய்ந்திருந்தது.

நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் புஷ்பவள்ளி வாயைத் திறந்தாள். ஆனால் பார்வை படிக்குப் போய்விட்டது. ஜன்னலோரம் அந்த உருவம் நின்றிருந்தது. "வெளிச்சத்துல பாக்கறேன்," என்று முனகிக்கொண்டே தாலியை எடுத்துக்கொண்டு புஷ்பவள்ளி படியேறினாள். வழக்கமாக நிற்கும் படியைத் தாண்டினாள். மரியாதை, மண்ணாங்கட்டி எல்லாம் போயிற்று. என் பிள்ளையை எப்போது கொண்டுபோகப் போகிறாய் என்று கேட்கத்தான் போனாள்.

கிட்டப் போனதும் கண் முதலில் தாலிக்குத்தான் போனது. அதே சாய்வு. ஆனால் புஷ்பவள்ளியின் கையில் இருந்த வேலின் முனை விரலைக் குத்தியது. அந்தக் கழுத்தில் கிடந்த வேலுக்கு முனையே இல்லை. மழுங்கித் தேய்ந்து ஒரு நெல்மணி போல் இருந்தது. பொட்டுகளின் ஓரம் வழவழத்து, நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. கொக்கி தேய்ந்து அறுந்து, பற்றவைத்து, மறுபடியும் தேய்ந்திருந்தது.

புஷ்பவள்ளிக்கு மூச்சு திரும்பி வந்தது. வேலைப்பாட்டை எந்தப் பத்தரும் பார்த்துச் செய்துவிடலாம். தேய்மானத்தை அப்படிச் செய்ய முடியாது. தங்கம் இப்படித் தேய வேண்டுமானால் ஒரு கழுத்தில் ஆயுசு முழுக்கக் கிடக்க வேண்டும். குளித்து, சமைத்து, பிள்ளைகளைத் தூக்கி, தூங்கி எழுந்து, நாள் தவறாமல் நெஞ்சில் உரச வேண்டும். அறுபது வருஷமாவது ஆகும்.

நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். நெற்றி நிறையப் பொட்டு, நரைத்த தலையில் பூ. கன்னமெல்லாம் சுருக்கம். மோவாயில் துளசியின் மச்சம். எண்பதைத் தாண்டிய கிழவி. தன்னைவிட மூத்த தன் மகளைப் பார்த்துக்கொண்டு புஷ்பவள்ளி நின்றாள். இந்த வயதில் இவளுக்கு அம்மா இருக்கப்போவதில்லை. அந்த அம்மாவைத்தான் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அம்மா! மேல என்னா பண்றீங்க?" என்று கீழேயிருந்து துளசி கூப்பிட்டாள்.

கிழவியின் உதடும் அசைந்தது. சத்தம் வரவில்லை; ஆனால் சொன்னது அந்த முதல் சொல்லைத்தான்.

புஷ்பவள்ளி கிழவியின் கன்னத்தைத் தொடக் கை நீட்டினாள். ஜன்னல் கட்டைதான் கையில் பட்டது, மழையில் நனைந்து குளிர்ந்திருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். தாலியைக் கண்ணில் ஒற்றித் தட்டில் வைத்தாள்.

சம்பந்தியம்மா கவலையோடு பார்த்தார். "எப்படி இருக்கு சம்பந்தி? வேலு கொஞ்சம் சாஞ்சிருக்கே, திருப்பிக் குடுத்துச் சரி பண்ணச் சொல்லவா?"

"வேணாம், இப்படியே இருக்கட்டும்," என்றாள் புஷ்பவள்ளி. "கெட்டியாத்தான் செஞ்சிருக்காங்க. ரொம்ப நாளைக்குத் தாங்கும்."