பாதி இலை

மதுக்கரை சம்பந்தம் கூடிவந்தபோது என் மகள் மதிவதனிக்கு இருபத்தாறு வயது. அதற்கு முன் ஏழு இடம் தட்டிப்போயிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்துவிட்டால் பேச்சு உறுதி என்று நானும் என் வீட்டுக்காரர் மருதாசலமும் போனோம். பத்து நாள் முன்னால்தான் அவர் சோமனூரில் தறி ஓட்டும்போது மயங்கி விழுந்திருந்தார். சோடா குடித்து எழுந்து மறுபடி தறிக்கே போன மனுஷன். நாங்களும் பித்தம் என்று விட்டுவிட்டோம்.

இலையில் வலது பாதியை வழித்துச் சாப்பிட்டார். இடது பாதியில் இனிப்புக்கு வைத்த ஒப்புட்டு, பொரியல், வடை எல்லாம் வைத்தது வைத்தபடி கிடந்தன.

"ஏனுங்க, எங்கூட்டு ஒப்புட்டு ஆகாதுங்களா?" என்று மாப்பிள்ளையின் அம்மா சின்னாத்தாள் கேட்டாள்.

"ஒப்புட்டு வெக்கவே இல்லீங்களே அம்மணி" என்றார் இவர், சிரித்த முகத்தோடு.

பந்தியில் எல்லோரும் அவர் இலையையே எட்டிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. பஸ்ஸில் வழியெல்லாம் வாய்க்கு வந்தபடி ஏசினேன். மறுநாள் வீட்டிலும் தட்டில் பாதிச் சோறு கிடக்க, "இன்னுங் கொஞ்சம் போடு" என்றபோதுதான் இது வேறென்னவோ என்று பட்டது.

கோயமுத்தூரில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் கோவிந்தராஜுலு பொறுமையாகச் சொன்னார். "கண்ணு நல்லா இருக்குதும்மா. மூளையில ஒரு எடத்தையும் இன்னொரு எடத்தையும் சேர்க்கிற வெள்ளை நரம்புக் கட்டு, அன்னைக்கு மயங்கினப்ப ரத்த ஓட்டம் நின்னு வலப்பக்கம் அடிபட்டுப்போச்சு. இடப்பக்கம் இருக்கறது மேல கவனமே போகாது. போகலைங்கிறதும் அவருக்குத் தெரியாது."

"அறுந்த இழைய முடிஞ்சு போட முடியாதுங்களா?" என்று இவர் கேட்டார். முப்பது வருஷமாக அதைத்தானே செய்தார்.

"இதுல முடியாதுங்க."

எனக்கு நிம்மதிகூட வந்தது, பாவி. திமிர் இல்லை, நோய்தான் என்று தெரிந்தால் அவர்கள் கோபம் ஆறிவிடும் என்று ஸ்கேன் படத்தோடு மதுக்கரைக்கு ஓடினேன். வாய் சும்மா இருந்ததா? வெள்ளை நரம்பு வரைக்கும் ஒப்பித்தேன்.

சின்னாத்தாள் படத்தைத் தொடவில்லை. "மருவாதி தெரியாதவருன்னா பொறுத்துப் போயிருப்போமுங்க. மூளைக் கோளாறுன்னா நாளைக்குப் பேரன் பேத்திக்கும் வருமுங்களே."

"அப்படி வராதுங்க, டாக்டரே சொன்னாரு" என்றேன். வாசல் வரைக்கும் மரியாதையாகவே வந்து வழியனுப்பினாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மதிவதனி அப்பாவின் இடப்பக்கம் அப்படியே உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"மதிவதனிக் கண்ணு எங்க போச்சு? காபி தரச் சொல்லு" என்று அவர் என்னிடம் கேட்டார்.

இந்தப் பக்கம் வாடி என்று கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. அவர் பார்க்காமலே அவள் அழுது முடிக்கட்டும்.