ஒரு நாள் மூப்பு

எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த செல்வக்குமாரின் கை, அப்பாவின் வலது தோளுக்கு வந்ததும் நின்றுவிட்டது. கழுத்தை ஒட்டித் தடித்துக் காய்த்துப்போன இடம். கால் நூற்றாண்டுக்கு மேலாக அரிசி மூட்டை உட்கார்ந்து எழுந்த இடம். மற்ற உடம்பெல்லாம் ராத்திரிதான் விறைத்தது. அந்தத் தோள் எப்போதோ விறைத்துவிட்டதால், சாவுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

"சட்டுன்னு தேய் மாப்ள," என்றார் தாய்மாமன் மொக்கைச்சாமி. "ஒண்ணரைக்கு ராகு காலம் பொறந்துரும். அதுக்குள்ள எடுத்துரணும்னு ஒங்காத்தா கண்டிசனாச் சொல்லிருக்கா."

செல்வக்குமார் தண்ணீரை மொண்டு ஊற்றினான். கோச்சடையில் அவர்கள் குடியிருக்கும் சந்து, ஒரு பெஞ்சு போட்டாலே அடைந்துபோகும். நாலு பேர் வேட்டியை விரித்து மறைப்புக் கட்டி நின்றார்கள். அப்பா முத்திருளன் நேற்றுச் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நெஞ்சை என்னவோ பண்ணுகிறது என்று சொல்லிக்கொண்டே சுவரோரம் உட்கார்ந்தவர்தான். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

புது வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, பாடையில் கிடத்தினார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு டெம்போ வந்து தெருமுனையில் நின்றது. நாகமலை புதுக்கோட்டை அரிசிக் குடோனில் முத்திருளனோடு மூட்டை தூக்கிய ஆட்கள் இறங்கினார்கள். இறங்கியவர்கள் சங்கக் கொடியோடு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். யாரும் சொல்லாமலே அந்த வரிசை அமைந்துவிட்டது. முதலில் மேஸ்திரி காசிமாயன்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஜெயக்கொடி அவரைப் பார்த்தாள். அதுவரை அழுது ஓய்ந்திருந்தவள் மகனைக் கையசைத்து அருகே கூப்பிட்டாள்.

"மாலை போடட்டும், போகட்டும். அந்த ஆளு தோளு மட்டும் எம்புருசன் மேல படக் கூடாது. போய்ச் சொல்லிரு."

சொல்வது லேசு. அந்தக் குடோனில் ஒரு பழக்கம் உண்டு. ஆட்களில் ஒருவர் செத்தால் மற்றவர்கள்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். சொந்தக்காரர்கள் பின்னால் நடந்தால் போதும். பாடையின் முன் வலது மூங்கில் எல்லாரிலும் மூத்தவருக்கு. மூத்தவர் என்றால் வயதில் இல்லை, வேலையில் சேர்ந்த நாளில். முன் இடது அடுத்தவருக்கு. இப்படியே பின்னால் போகும். இந்தச் சில வருஷமாகப் போன சாவுகளிலெல்லாம் காசிமாயன் வலது, முத்திருளன் இடது. இன்றைக்கு அந்த இடது காலி. அதனால் பின்னால் இருந்த எல்லாருக்கும் ஓர் இடம் முன்னேற்றம். அப்படித்தான் அங்கே எல்லா முன்னேற்றமும் வரும்.

காசிமாயனுக்கும் முத்திருளனுக்கும் இடையில் இருந்த மூப்பு ஒரே ஒரு நாள். வேலைக்கு ஆள் எடுத்தபோது இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்குத் தேய்பிறை நவமி. புது மருமகளாக வந்திருந்த ஜெயக்கொடி காலண்டரைப் பார்த்துவிட்டு, தலையே போனாலும் சரி, நவமியில் வேலைக்குச் சேரக் கூடாது என்று கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். முத்திருளன் மறுநாள் நல்ல நேரத்தில், சாமி கும்பிட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். காசிமாயனுக்கு அஷ்டமியும் தெரியாது, நவமியும் தெரியாது. அவர் அன்றைக்கே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கல்யாண வீடுகளில் முத்திருளன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைப்பார். ஜெயக்கொடியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். பழைய மேஸ்திரி ஓய்வு பெற்ற வருஷத்தோடு அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

மேஸ்திரி வேலை என்றால் நாற்காலி, விசில், எண்ணிக்கை. அதுவும் மூப்புப்படி மூத்தவருக்குத்தான். மேஸ்திரி 'தூக்கு' என்று சொன்ன பிறகுதான் ஆட்கள் மூட்டையைத் தொடுவார்கள். அவர் தொட வேண்டியதே இல்லை. முத்திருளன் இரண்டு நடை போகிற நேரத்தில் ஒரு நடை போய்விட்டு டீக்கடையில் நிற்கிற ஆள் காசிமாயன் என்பது ஊருக்கே தெரியும். மேனேஜருக்கும் தெரியும். அவர் முத்திருளனைக் கூப்பிட்டு, உழைப்பைப் பார்த்து உனக்கே தருகிறேன், சங்கத்தில் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடு என்றார். முத்திருளன் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். மேஸ்திரியாக விசில் ஊதியது காசிமாயன். முத்திருளன் அதற்குப் பிறகும் ஏழு வருஷம் மூட்டை தூக்கினார், நேற்றுச் சாயங்காலம் வரைக்கும்.

அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. செல்வக்குமார் அம்மா பக்கம்தான் நின்றான். வேலை செய்கிறவனும் ஒன்று, வேடிக்கை பார்க்கிறவனும் ஒன்று என்றால் எதற்கு அந்தச் சங்கம் என்று கேட்டான். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"இன்னைக்கு எனக்குன்னு வரிசையக் கலைச்சா, நாளைக்கு மேனேஜருக்குப் பிடிச்சவனுக்குன்னு கலைப்பாங்கடா. அப்ப எங்க போய் நிக்கிறது?"

செல்வக்குமாருக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. அவன் வேலை பார்ப்பது ரிங் ரோட்டில் ஒரு பார்சல் குடோனில். அங்கே சங்கமும் இல்லை, மூப்பும் இல்லை. யார் எத்தனை பார்சல் எடுத்தார்கள் என்று திரையில் பெயர் ஓடும். போன வருஷம் ஒரு மாதம் அவன் பெயர்தான் முதலில் இருந்தது. போட்டோ எடுத்து மாட்டினார்கள். இந்த மாதம் மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டதில் பெயர் அடியில் போய்விட்டது, பாதி ஷிஃப்டைக் குறைத்துவிட்டார்கள். அதை அவன் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

அம்மாவின் கோபம் வேறு மாதிரி. ஏழு வருஷமாகக் காசிமாயன் பெயரை எடுத்தாலே காறித் துப்புவாள். அவரிடம் நேரில் ஒரு வார்த்தை பேசியதில்லை. இதற்கெல்லாம் காரணம் என்று அவள் திட்டக்கூடிய ஆட்கள் இரண்டே பேர். அன்றைக்குக் கையைப் பிடித்து நிறுத்திய இன்னொரு ஆளைத் திட்ட அவளுக்குத் தெம்பு இல்லை.

செல்வக்குமார் தெருமுனைக்குப் போனான். காசிமாயன் மாலை போட்டுவிட்டு வந்து டெம்போ நிழலில் நின்றிருந்தார். தொப்பை விழுந்து, முடி நரைத்து, அப்பாவைவிடக் கிழவராகத் தெரிந்தார். எப்படிச் சொல்வது என்று இவன் விழிப்பதைப் பார்த்து அவரே ஆரம்பித்தார்.

"ஒங்காத்தா என்ன சொல்லிருப்பான்னு தெரியும்டா. நான் கெளம்புறேன். எனக்குப் பதிலா சிவபாண்டி நிக்கட்டும். இருக்கிறவன்ல ஒங்கப்பனுக்குச் சமமாத் தூக்குனவன் அவன்தான்."

சிவபாண்டி அங்கேதான் இருந்தான். நாற்பது வயது, தேக்குக் கட்டை மாதிரி உடம்பு. அவன் மறுத்துத் தலையை ஆட்டினான்.

"அது முடியாது மேஸ்திரி. மூத்தவர நிப்பாட்டிட்டு நான் போய் அந்த எடத்துல நின்னா, எதை வேணாம்னு சொல்லி முத்திருளண்ணே இம்புட்டு வருசம் செமந்தாரோ, அதையே அவரு பொணத்து மேல செய்யிற மாதிரி. நீங்க நிக்கலைன்னா யாரும் நிக்க மாட்டோம்."

மற்றவர்கள் சிவபாண்டி பக்கம் வந்து நின்றார்கள். பிறகு சிவபாண்டி இவனைத் தனியே தள்ளிக்கொண்டு போய் இன்னொன்றும் சொன்னான். மூட்டை அடுக்குகிற மேல் அட்டிக்கு ஏறாதே, கீழேயே நின்று பிடித்துப் போடு என்று காசிமாயன் ஒரு மாதமாகவே முத்திருளனிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். நேற்றும் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாரே என்பதற்காகவே முத்திருளன் அட்டியில் சாய்த்த பலகையில் கால் வைத்து, மேலே வரைக்கும் ஏறினார். கடைசி லாரி முடிகிற வரைக்கும் இறங்கவில்லை.

வீட்டில் மொக்கைச்சாமி கடிகாரத்தையும் தெருமுனையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், இதற்கு ஏன் தொண்டைத் தண்ணி வற்றப் பேச வேண்டும், சவ வண்டிக்குப் போன் போட்டால் கால் மணி நேரத்தில் வந்துவிடும் என்றார். ஆயுசு முழுக்க லாரியிலிருந்து மூட்டை இறக்கிய மனிதரை வண்டியில் ஏற்றி அனுப்பச் செல்வக்குமாருக்கு மனசு ஒப்பவில்லை. அவன் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஆட்கள் சொன்னதைச் சொன்னான். மேல் அட்டி விஷயத்தையும் மறைக்காமல் சொன்னான்.

ஜெயக்கொடி புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏறாதன்னு சொன்னாரா?"

"ஆமாம்மா."

"கேக்க மாட்டாரு. நான் சொல்லியே கேக்கலையே."

ஒரு கையைத் தூக்கி, மாலைகளை விலக்கி, முத்திருளனின் வலது தோளில் வைத்துக்கொண்டாள். சுற்றி இருந்த பெண்கள் ஒப்பாரியை எடுப்பார்கள், இவள் சேராததால் அது பாதியில் நிற்கும். மொக்கைச்சாமி ஒன்றுக்கு இரண்டு தரம் வந்து, நேரம் நெருங்குகிறது ஆத்தா என்றார். அவள் காதில் வாங்கின மாதிரித் தெரியவில்லை. சுவரில் நாள் காலண்டர் தொங்கியது. விடிந்ததும் விளக்கேற்றுகிறாளோ இல்லையோ, தாள் கிழித்து, நல்ல நேரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பாள். இன்றைக்குத் தாள் கிழிக்கப்படவில்லை. நேற்றே இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒன்றரை ஆனது. மொக்கைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போச்சு, இனி மூணு மணிக்கு மேலதான் என்று சலித்துக்கொண்டார். சங்கு ஊத வந்தவர் பீடியைப் பற்றவைத்தார்.

அப்போது ஜெயக்கொடி எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது போல. மகன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலுக்கு வந்து தெருமுனையைப் பார்த்தாள்.

"அண்ணே," என்றாள். குரல் சத்தமாக இல்லை. ஆனால் சந்து அத்தனையும் திரும்பியது. "வாங்க. வந்து ஒங்க எடத்துல நில்லுங்க."

காசிமாயன் நகராமல் நின்றார். சிவபாண்டிதான் அவர் முதுகில் கை வைத்து மெல்லத் தள்ளினான்.

"ஏத்தா, ராகு காலம் பொறந்துருச்சே," என்று பதறினார் மொக்கைச்சாமி. "இம்புட்டு நேரம் இருந்தாச்சு, மூணு மணிக்கு எடுத்துக்குவோம். நீதானத்தா பாத்துச் சொன்ன?"

"நல்ல நேரம் பாத்துத்தானண்ணே அவரை அன்னைக்கு அனுப்புனேன்," என்றாள் ஜெயக்கொடி. "எடுங்க."

செல்வக்குமாருக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கொள்ளிச் சட்டியை அவன் கையில் கொடுத்தார்கள். புகை கண்ணில் ஏறியது நல்லதாகப் போயிற்று.

ஆட்கள் வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். முன் வலதில் காசிமாயன். அப்பாவின் இடத்தில் மூன்றாமவர். சிவபாண்டி பின்னால். குனிந்து மூங்கிலைப் பிடித்தார்கள். பிடித்தபடியே நின்றார்கள். மேஸ்திரி சொல்லாமல் தூக்கி அவர்களுக்குப் பழக்கமில்லை. காசிமாயனின் உதடு அசைந்தது. வார்த்தை வரவில்லை. மறுபடி முயன்றார், காற்றுத்தான் வந்தது. எல்லாரும் குனிந்தபடி காத்திருந்தார்கள்.

"தூக்குங்கப்பா," என்றாள் வாசலில் நின்ற ஜெயக்கொடி.

தூக்கினார்கள். முத்திருளன் எழுந்தார். ஏழு வருஷமாக மூட்டை ஏறாத தோள், மூங்கில் உட்கார்ந்ததும் சடக்கென்று கீழே இறங்கியது. பாடை வலது பக்கமாகச் சரிந்தது, பெண்கள் வீறிட்டார்கள். காசிமாயன் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிரப் பார்த்தார், கழுத்து நரம்பு புடைத்ததே தவிரத் தோள் எழவில்லை. சிவபாண்டி ஓடி வந்து அவர் இடத்தை வாங்கிக்கொள்வான் என்றுதான் செல்வக்குமார் நினைத்தான். சிவபாண்டி இடத்தை விட்டு அசையவில்லை. அவன் முழங்காலைக் கொஞ்சம் மடக்கினான். அவனைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் மடக்கினார். பிறகு இடது பக்கம் மொத்தமும் மடங்கி, காசிமாயனின் தோள் உயரத்துக்கு இறங்கி வந்தது. பாடை நேரானது.

சங்கு ஊதினார்கள். செல்வக்குமார் சட்டியோடு முன்னால் நடந்தான். பின்னால் மடக்கிய கால்களின் குட்டை நடைச் சத்தம், ஆற்றங்கரை வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தது.