எருமைக்குப் பதில்

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நின்றுகொண்டு, செங்கல் சூளை முதலாளி தணிகாசலம் தன் துப்பாக்கிக்கு, தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் ஸ்கோப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டம் தடுத்த பிறகும் மலைக்குப் போய்த் திருட்டுத்தனமாகக் காட்டெருமை சுடும் பெரிய மனுஷன் அவர். தரகர் இரண்டு ஸ்கோப் கொண்டுவந்திருந்தார். தூரத்தில் பெரிய உருவம் ஏதாவது நின்றால்தான் எது நல்லது என்று தெரியும் என்றார்.

"நம்ம எருமைய எதிர்க்கரையில கட்டட்டுமா மொதலாளி?" என்று கேட்டான் மாடு மேய்க்கும் முனியன்.

"கறவைடா அது. மிரண்டா பாலை அடக்கிக்கும். நீ போய் நில்லு."

முனியன் கரையைச் சுற்றிப் போய் நின்றான். தோட்டா இல்லாத வெறும் துப்பாக்கிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். முதல் ஸ்கோப்பைக் கழற்றினார்கள், அடுத்ததை மாட்டினார்கள். குழல் மறுபடியும் அவன் நெஞ்சுக்கு நேராக வந்தது. ஒருவழியாக முதலாளி கையசைத்துக் கூப்பிட்டார்.

"எது நல்லா கீது மொதலாளி?"

"ரெண்டாவதுதான். மொத ஸ்கோப்புல உன் மூஞ்சி மட்டும் தெரிஞ்சிது. இதுல நீ எச்சி முழுங்குறதே தெரியுது." சிரித்துக்கொண்டே துப்பாக்கியைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு தோட்டா புல்லில் விழுந்தது.

மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். முனியனுக்கு நின்ற இடத்திலேயே வேட்டி நனைந்தது.

"அடச்சீ, எடுத்துட்டேன்னுல்ல நெனச்சேன்," என்றார் தணிகாசலம். குனிந்து தோட்டாவை எடுத்துத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு தரகரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"நல்லவேளை, எருமைய நிறுத்தல."